தொப்பியின் ‘தொம்’ எங்கே போயிற்று?



புழலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள், ஓர் ஆம்ப்ளிஃபயர், ஒரு சி.டி. பிளேயர். பல ஆண்டுகள் உழைத்த ஆம்ப்ளிஃபயர் ஒரு நாள் ஓய்ந்துவிடுகிறது. வீட்டார் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குப் போய் வேறோர் ஆம்ப்ளிஃபயர் வாங்கி வருகிறார்கள். பழையதிலிருந்து கம்பிகளைக் கழற்றிப் புதியதில் மாட்டுகிறார்கள். பாட்டு வருகிறது. வயலின் இனிமையாகக் கேட்கிறது. பாடகரின் குரல் தெளிவாக இருக்கிறது. மிருதங்கத்தின் வலந்தலைச் சொற்கள் கணீரென்று விழுகின்றன. ஆனால் இடக்கைப் பக்கமான தொப்பியிலிருந்து எழ வேண்டிய ‘தொம்’ என்ற கனத்த நாதத்தை மட்டும் காணவில்லை!

“புது ஆம்ப்ளிஃபயர் சரியில்லை, ஏமாந்துவிட்டோம்” என்கிறார் அப்பா. “உங்கள் ஸ்பீக்கர் பழசு, அதையும் மாற்றிவிடுங்கள்” என்கிறார் கடைக்காரர். இருவர் பேச்சையும் கேட்டால் இன்னும் சில ஆயிரம் ரூபாய் கைவிட்டுப் போகும். அதன் பிறகும் ‘தொம்’ திரும்பி வராமல் போகலாம்.

இப்படிப்பட்ட வேளையில் இயற்பியல் படித்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நாம் மாற்றியது ஆம்ப்ளிஃபயரை. ஆனால் மாறியது ஆம்ப்ளிஃபயர் மட்டும்தானா? கம்பிகளைக் கழற்றி மாட்டினோம். பெட்டிகளை நகர்த்தினோம். செருகும் துளைகள் மாறின. பொத்தான்கள் மாறின. இவற்றில் எது ‘தொம்’மைத் திருடியது? ஒரு டார்ச் செல்லும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம். வாருங்கள், பார்ப்போம்.

7 மீட்டர் நீளமுள்ள அலை

மனிதக் காது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் உள்ள ஒலிகளைக் கேட்கும். இவற்றுள் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவற்றைத்தான் ‘பேஸ்’ என்கிறோம். தமிழில் தாழ் ஒலி என்று சொல்லலாம்.

ஒலியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சென்னையில் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் இருக்கும் ஒரு நாளில் காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 350 மீட்டர். ஆகவே,

5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டர்.
500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 70 சென்டிமீட்டர்.
50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 மீட்டர்!

கடைசி எண்ணை மறுபடி பாருங்கள். ஒரே ஓர் அலை நம் வீட்டுக் கூடத்தை விட நீளம். தாழ் ஒலியின் குணங்கள் எல்லாம் இந்த நீளத்திலிருந்தே பிறக்கின்றன.

நீண்ட அலைகள் எதிரே வரும் பொருள்களைச் சுற்றி வளைந்து செல்லும். கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இதற்கு நல்ல உதாரணம் உண்டு. கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க 1972-இல் வகுக்கப்பட்ட உலகப் பொது விதிகள், கப்பலின் ஊதொலி எந்தச் சுருதியில் இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. 200 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல் 70 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் ஊத வேண்டும். 75 மீட்டருக்குக் குறைந்தது 250 முதல் 700 ஹெர்ட்ஸுக்குள் ஊத வேண்டும். எண்ணூர்க் காமராசர் துறைமுகத்துக்கு வரும் பெரிய நிலக்கரிக் கப்பலுக்கு அடிவயிற்றிலிருந்து எழும் குரல். சிறு கப்பலுக்கு மெல்லிய குரல். கண்ணுக்குத் தெரியாத மூடுபனியிலும் வருவது பெரியதா சிறியதா என்று காதாலேயே கணிக்கலாம்.

சேர்ந்து ஏறும் படகுகள்

இனி ஸ்பீக்கருக்குள் பார்ப்போம். இன்று நாம் பயன்படுத்தும் ஸ்பீக்கரின் அமைப்பை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் 1925-இல் வெளியிட்டார்கள். ஒரு காந்தத்தின் இடைவெளியில் ஒரு கம்பிச்சுருள். சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு. சுருளில் மின்னோட்டம் ஒரு திசையில் பாய்ந்தால் கூம்பு முன்னே வரும், காற்று நெருங்கும். திசை மாறினால் கூம்பு பின்னே போகும், காற்று தளரும். இந்த நெருக்கமும் தளர்ச்சியும் மாறி மாறி வருவதே ஒலி.

ஸ்பீக்கரின் பின்புறம் இரண்டு முனைகள் இருக்கின்றன அல்லவா? ஒன்று சிவப்பு, + குறி உள்ளது. மற்றது கறுப்பு, - குறி உள்ளது. ஆம்ப்ளிஃபயரிலும் அப்படியே. சிவப்பைச் சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இணைக்க வேண்டும். ஒரு பெட்டிக்குச் சரியாகவும் மற்றதற்கு மாற்றியும் இணைத்துவிட்டால்? இரண்டு பெட்டிகளும் பாடும். தீப்பொறி பறக்காது, எதுவும் கெடாது. ஆனால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். ஒன்று காற்றைத் தள்ளும், மற்றது இழுக்கும்.

“அப்படியானால் எல்லா ஒலிகளும்தானே குறைய வேண்டும்? தாழ் ஒலி மட்டும் ஏன் மறைகிறது?” என்று நீங்கள் கேட்க வேண்டும். அதுதான் இந்தக் கட்டுரையின் முடிச்சு.

காசிமேட்டுக் கரையில் நின்று கடலைப் பாருங்கள். இரண்டு படகுகள் அருகருகே மிதக்கின்றன. நீண்ட பேரலை ஒன்று வந்தால் இரண்டும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். ஏனென்றால் படகுகளுக்கு இடையே உள்ள தூரம் அலையின் நீளத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. சிற்றலைகள் வந்தால் அப்படி இல்லை. ஒரு படகு ஏறும்போது மற்றது இறங்கலாம், ஏறவும் செய்யலாம். அது தூரத்தைப் பொறுத்தது.

ஒலியிலும் இதே கதைதான். நீங்கள் கூடத்தின் நடுக்கோட்டிலிருந்து சற்றே விலகி உட்கார்ந்திருக்கிறீர்கள். ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட 35 சென்டிமீட்டர் அருகில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு இந்த 35 சென்டிமீட்டர் என்பது அலைநீளத்தில் 20-இல் ஒரு பங்குதான். இரு பெட்டிகளின் தாழ் ஒலியும் ஏறக்குறைய ஒரே கட்டத்தில் காதுக்கு வந்து சேரும். இணைப்பு சரியாக இருந்தால் இரண்டும் கைகோத்துக்கொள்ளும். ஒன்று தலைகீழாக இருந்தால் ஒன்றின் நெருக்கத்தை மற்றதன் தளர்ச்சி விழுங்கிவிடும்.

500 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ அதே 35 சென்டிமீட்டர் சரியாக அரை அலைநீளம். அங்கே இணைப்பு சரியாக இருந்தாலே இரண்டும் எதிரெதிரே வரும்; தலைகீழாக இருந்தால்தான் சேர்ந்து வரும்! இன்னும் மேலே போகப் போகச் சில அதிர்வெண்கள் கூடும், சில குறையும். தலையைச் சற்றுத் திருப்பினால் கணக்கு மாறும். சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலிகளும் கலந்துவிடும். மொத்தத்தில் மேல் ஒலிகளின் வரவும் செலவும் நேராகிவிடுகின்றன. தாழ் ஒலிக்கு மட்டும் செலவே தவிர வரவு இல்லை. அதுவும் கனத்த ஒலிகளைப் பெரும்பாலும் இரு பக்கத்துக்கும் சமமாகப் பதிவு செய்வது வழக்கம். எனவே இழப்பு நன்றாகவே தெரியும்.

இந்தக் கோளாறுக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. இரு பெட்டிகளுக்கும் நடுவில் நின்று பாடுவதுபோல் தோன்ற வேண்டிய பாடகர், இடம் தெரியாமல் எங்கோ மிதப்பார். தாழ் ஒலி மெலிந்து, குரலுக்கும் இடம் இல்லாமற் போனால் முதல் சந்தேகம் கம்பிகளின் மேல்தான் விழ வேண்டும்.

செய்து பாருங்கள்

எச்சரிக்கை: ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் கம்பிகளைத் தொட வேண்டும். ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறக்கவே கூடாது.

முதல் சோதனை: ஒரே ஒரு பெட்டியில் மட்டும் சிவப்பு, கறுப்புக் கம்பிகளை இடம் மாற்றி இணையுங்கள். மற்றப் பெட்டியைத் தொடாதீர்கள். அதே பாட்டை, அதே அளவில், அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி கேளுங்கள். ‘தொம்’ திரும்பி வந்தால் வேலை முடிந்தது. முன்னைவிட மோசமானால் முன்பிருந்த இணைப்பே சரி, பழையபடி மாற்றிவிடுங்கள். வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை என்றால் இரண்டு பெட்டிகளையும் ஒரு சாண் இடைவெளியில் எதிரெதிரே முகம் பார்த்து நிறுத்திக் கேளுங்கள்.

இரண்டாம் சோதனை: கம்பியின் நிறம் அழிந்து போயிருந்தால் இது உதவும். ஆம்ப்ளிஃபயர் பக்கம் உள்ள கம்பி முனைகளைக் கழற்றிக்கொள்ளுங்கள். 1.5 வோல்ட் டார்ச் செல் ஒன்றின் இரு முனைகளிலும் அந்தக் கம்பிகளை ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று ஓசை கேட்கும். பெரிய கூம்பைப் பாருங்கள். அது முன்னே குதிக்கும் அல்லது பின்னே இழுபடும். கூம்பு முன்னே குதித்தபோது செல்லின் + முனையில் எந்தக் கம்பி இருந்ததோ அதன்மேல் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டுங்கள். இரண்டு பெட்டிகளுக்கும் இப்படிச் செய்து, சிவப்பு ஒட்டிய கம்பிகளை ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு முனைகளில் மாட்டுங்கள். இனி இரண்டு கூம்புகளும் சேர்ந்தே நகரும். செல்லைத் தொட்டபடியே பிடித்திருக்காதீர்கள். சுருள் வீணாகச் சூடேறும்.

பானையின் இரகசியம்

1980-களில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் வீடுகளிலும் ஸ்பீக்கரை ஒரு மண்பானையின் வாயில் கவிழ்த்தோ நிமிர்த்தோ வைத்திருப்பார்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். பானையில் வைத்ததும் பாட்டுக்கு எங்கிருந்தோ ஒரு கனம் வந்துவிடும். ஏன்?

நாம் மேலே கண்ட அதே காரணம்தான். ஒரு கூம்பு முன்புறக் காற்றை நெருக்கும்போது பின்புறக் காற்றைத் தளர்த்துகிறது. எனவே ஒவ்வொரு ஸ்பீக்கரும் தனக்குள்ளேயே தலைகீழாக இணைந்த இரட்டையர்! வெறும் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தால் பின்புற அலை விளிம்பைச் சுற்றி வளைந்து வந்து முன்புற அலையை அழித்துவிடும். நீண்ட அலைதானே எளிதாக வளையும்? ஆகவே இங்கும் தாழ் ஒலியே பலியாகிறது. பானை பின்புற அலையை உள்ளே சிறைப்படுத்துகிறது. அதோடு பானைக் காற்றும் தன் பங்குக்கு ஒத்ததிர்ந்து சில தாழ் ஒலிகளுக்கு வலுவூட்டுகிறது. ஸ்பீக்கர் பெட்டி செய்யும் முதல் வேலையும் இதுவே. பெட்டியின் பின்பலகை கழன்றிருந்தாலும், மூட்டில் விரிசல் விழுந்திருந்தாலும் ‘தொம்’ மெலியும்.

பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய சிறு ஸ்பீக்கர் கிடைத்தால் ஒரு பெரிய அட்டையின் நடுவில் அதே அளவு துளை வெட்டி, அதன்மேல் ஸ்பீக்கரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அட்டையை எடுத்தும் வைத்தும் கேட்டால் வேறுபாட்டைக் காதே சொல்லிவிடும்.

மற்றச் சந்தேகங்கள்

கம்பிகள் சரியாக இருந்தும் ‘தொம்’ வரவில்லையா? அடுத்தடுத்துப் பார்க்க வேண்டியவை இவை.

கேட்கும் அளவு: பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் நம் காதின் ஒரு விசித்திரத்தை 1933-இல் அளந்து காட்டினார்கள். ஒலியின் அளவைக் குறைத்தால் நடு ஒலிகளைவிடத் தாழ் ஒலிகள் வேகமாகக் காதிலிருந்து மறைகின்றன. இதை ஈடுகட்டவே பல ஆம்ப்ளிஃபயர்களில் ‘லௌட்னெஸ்’ என்ற பொத்தான் உண்டு. பழையதில் அது எப்போதும் அழுத்தியே இருந்திருக்கலாம். புதியதில் அந்தப் பொத்தானே இல்லாமல் இருக்கலாம். அப்போது குறை கருவியில் இல்லை. பழக்கம் மாறியிருக்கிறது, அவ்வளவே.

உட்காரும் இடம்: 3.5 மீட்டர் நீளமுள்ள அறையில் 50 ஹெர்ட்ஸ் அலை சரியாகப் பாதி அடங்கும். எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி அது நிலை அலையாக நிற்கும். சுவரோரங்களில் அழுத்த மாற்றம் மிக அதிகம். அறையின் நடுவே மிகக் குறைவு. நடுவில் நாற்காலி போட்டவருக்கு அந்த ஒலி மெலிந்து கேட்கும். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவருக்குக் கனத்துக் கேட்கும். புதுக் கருவி வைக்கும்போது மேசையை நகர்த்தினீர்களா, நாற்காலியை மாற்றினீர்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பெட்டிகளைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாலே தாழ் ஒலி கூடுவதையும் காணலாம்.

செருகும் துளை: இசைத்தட்டு கேட்கும் வீடாக இருந்தால் இதைக் கவனியுங்கள். தாழ் ஒலியை முழு வலுவோடு பதித்தால் தட்டின் வரிகள் அகன்று அடுத்த வரியில் புகுந்துவிடும். ஆகவே பதிவின்போதே அதைக் குறைத்து விடுகிறார்கள். 1954-இல் ஏற்பட்ட பொது அளவின்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியோடு ஒப்பிட 50 ஹெர்ட்ஸ் ஒலியைக் கேட்கும்போது சுமார் 7 மடங்கு பெருக்கியாக வேண்டும். ‘போனோ’ என்று எழுதிய துளைக்குப் பின்னால் இந்த வேலையைச் செய்யும் சுற்று இருக்கிறது. காந்த வகைக் கார்ட்ரிட்ஜ் உள்ள இசைத்தட்டுக் கருவியைத் தவறி ‘ஆக்ஸ்’ துளையில் செருகினால் ஒலி மிக மெலிந்து, சதையில்லாத எலும்புபோல் கேட்கும்.

மின்தேக்கி: பழைய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் ஸ்பீக்கருக்கு முன்னால் ஒரு பெரிய மின்தேக்கி இருக்கும். நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் புகாமல் தடுப்பது அதன் வேலை. ஆனால் அதிர்வெண் குறையக் குறைய மின்தேக்கியின் தடுப்பு கூடும். மின்தேக்குத் திறன், ஸ்பீக்கரின் தடை, 6.28 ஆகிய மூன்றையும் பெருக்கி, வந்ததால் 1-ஐ வகுத்தால் தாழ் ஒலி மெலியத் தொடங்கும் எல்லை கிடைக்கும். 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 8 ஓம் ஸ்பீக்கரும் இருந்தால் எல்லை 20 ஹெர்ட்ஸ். கவலையில்லை. பழுது பார்த்தவர் கையில் இருந்த 100 மைக்ரோஃபாரட்டைப் போட்டுவிட்டால் எல்லை 200 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். ‘தொம்’ வாசலிலேயே நின்றுவிடும்! இதைச் சரி செய்வது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு அவரிடம் போவது உங்கள் வேலை.

ஒரு நேரத்தில் ஒன்று

மேலே சொன்ன சோதனைகளின் வரிசையைக் கவனித்தீர்களா? காசு செலவில்லாதவை முதலில். செலவு வைப்பவை கடைசியில். அதைவிட முக்கியமானது இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றினோம். மற்ற எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டோம். கம்பியையும் மாற்றி, பெட்டியையும் நகர்த்தி, பொத்தானையும் திருகினால் ‘தொம்’ ஒருவேளை வந்துவிடலாம். ஆனால் எதனால் வந்தது என்று தெரியாது. அடுத்த முறை மறைந்தால் மறுபடியும் இருட்டில் தேட வேண்டியதுதான். ஓமின் விதியைச் சோதிக்கும்போது வெப்பநிலையை மாறாமல் வைத்துக்கொள் என்று பாடப்புத்தகம் சொல்வது இதற்காகத்தான். அந்த விதி ஆய்வுக்கூடத்துக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக் கூடத்துக்கும் உரியது. சீட்டுப் பணத்தைக் காப்பாற்றக்கூடியதும் அதுதான்.

முடிவாக, உங்களுக்கு இரண்டு கணக்குகள்.

1. உங்கள் வீட்டுக் கூடத்தின் நீளம் 5 மீட்டர். ஒலியின் வேகம் வினாடிக்கு 350 மீட்டர். அந்த நீளத்தில் பாதி அலையாக நிற்கக்கூடிய ஒலியின் அதிர்வெண் என்ன?

2. 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி உள்ள ஆம்ப்ளிஃபயரில் 8 ஓம் ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டுகிறோம். தாழ் ஒலி கூடுமா, குறையுமா?

விடைகள்: முதற்கணக்கில் அலைநீளம் 10 மீட்டர், எனவே அதிர்வெண் 35 ஹெர்ட்ஸ். இரண்டாவதில் எல்லை 20-லிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு ஏறும். எனவே அதற்குக் கீழே உள்ள ஒலிகள் மேலும் மெலியும். விடை சரியாக வந்தவர்கள் அடுத்து ஓர் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு தங்கள் கூடத்தையே அளக்கத் தொடங்கலாம்.